கொழிஞ்சாம்பாறை பிரேம் கடையில் கிர்ஷ்னர்

கடையின் பெயரை எழுதவில்லை. எழுதாதீர்கள் என்று கடைக்கார அண்ணனே சொல்லிவிட்டார், கையில் இருக்கும் வேலையையே முடித்துக் கொடுக்க முடியவில்லை, இதில் இன்னும் ஆள் வந்தால் யாரிடம் பேச்சு வாங்குவது என்கிறார். அதனால் வழி மட்டும் சொல்கிறேன். பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் தாண்டியோ கோவையிலிருந்து வேலந்தாவளம் வழியாகவோ கேரள எல்லைக்குள் இருக்கும் கொழிஞ்சாம்பாறைக்கு வந்து இறங்கினால், கடைவீதியில் பழநி முருகனும் குருவாயூரப்பனும் வேளாங்கண்ணி மாதாவும் வாசலில் சாய்ந்து வெயில் காய்ந்துகொண்டிருக்கும் கடை ஒன்று இருக்கும். போர்டு மலையாளத்தில், உள்ளே பேச்சு முழுக்கத் தமிழில். படத்துக்குச் சட்டம் போடும் கடை, அவ்வளவுதான். ஆனால் நல்ல பிரேம் வேலை வேண்டும் என்பவர்கள் கோவைக்கு ஓடுவதற்கு முன்னால் இங்கே ஒரு தடவை நின்று பார்க்கலாம், அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

நான் கொண்டுபோனது சாமி படமும் இல்லை, கல்யாணப் படமும் இல்லை. எங்கள் தமிழ் மீடியம் பள்ளி நூலகத்தில் மாட்டுவதற்காக எர்ன்ஸ்ட் லுட்விக் கிர்ஷ்னர் என்ற ஜெர்மன் ஓவியரின் படங்கள். தலைவர்கள் படம் ஏற்கெனவே வரிசையாக இருக்கிறது, இந்தத் தடவை ஓவியம் மாட்டலாமே என்று நான்தான் வாயைத் திறந்தேன், வேலை என் தலையிலேயே விழுந்தது. ரவி வர்மா போதாதா டீச்சர் என்று ஸ்டாஃப் ரூமில் கேட்டார்கள். ரவி வர்மா காலண்டர் வழியாக எல்லார் வீட்டுக்கும் எப்போதோ வந்துவிட்டார், எனக்கு வேண்டியிருந்தது வேறு. எட்டாம் வகுப்பு வந்ததும் பாதிப் பிள்ளைகள் "எனக்கு வரைய வராது டீச்சர்" என்று பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறார்கள், போட்டோ மாதிரி வந்தால்தான் படம் என்று யாரோ அவர்கள் மண்டையில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். கிர்ஷ்னர் படத்தில் மலை நீலமாக இருக்கும், மரம் ரோஜா நிறத்தில் இருக்கும், மனுஷன் முகம் கோடாலியால் கொத்தி எடுத்தது போல் இருக்கும். பார்த்ததும் "இதென்ன இப்படி" என்று கேட்பார்கள். கேட்கட்டும் என்பதுதான் என் கணக்கு.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் பிரேம் விஷயம் புரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1880-இல் அஷாஃபென்பர்க் என்ற ஊரில் பிறந்தவர். அப்பா காகிதத் தொழில் தெரிந்தவர், பிறகு கெம்னிட்ஸ் நகரில் அதற்கே பேராசிரியராக இருந்தார். மகனை டிரெஸ்டனுக்குக் கட்டடக்கலை படிக்க அனுப்பினார்கள், நம்மூரில் இன்ஜினியரிங் சேர்த்துவிடுவது போல என்று வைத்துக்கொள்ளலாம், பையனும் படிப்பை ஒழுங்காக முடித்தார். முடித்த 1905-ஆம் ஆண்டிலேயே, ஜூன் 7-ஆம் தேதி, எரிக் ஹெக்கல், கார்ல் ஷ்மிட்-ரோட்லுஃப், ஃப்ரிட்ஸ் பிளைல் என்ற மூன்று பேரோடு சேர்ந்து 'டி ப்ரூக்க' என்ற ஓவியர் குழுவைத் தொடங்கினார். நாலு பேரும் கட்டடக்கலை மாணவர்கள், ஓவியக் கல்லூரியில் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து படித்தவர் ஒருவரும் இல்லை. தொழிலாளர்கள் குடியிருந்த பகுதியில் காலியாகக் கிடந்த கடையைப் பிடித்து ஸ்டூடியோ ஆக்கினார்கள், நாற்காலி, பெட்டி எல்லாம் தாங்களே செதுக்கிக்கொண்டார்கள். குழுவின் கொள்கை அறிக்கையைக்கூட 1906-இல் மரக்கட்டையில் எழுத்து எழுத்தாகச் செதுக்கித்தான் அச்சடித்தார் கிர்ஷ்னர். அதே ஆண்டு டிரெஸ்டனில் அவர்கள் வைத்த முதல் கண்காட்சி எங்கே தெரியுமா, சைஃபர்ட் என்பவருடைய விளக்குத் தொழிற்சாலையில், விளக்கு விற்கும் ஷோரூமில். மேலே விளக்குகள் தொங்க, கீழே சுவரில் இவர்கள் படம். பெரிதாக யாரும் வரவில்லை. பணத்துக்கு என்ன செய்தார்கள் என்றால் சந்தா பிடித்தார்கள், ஆண்டுக்கு 12 மார்க் கட்டுகிறவருக்கு ஒவ்வொரு ஆண்டும் அசல் அச்சுப் படங்கள் கொண்ட ஒரு கட்டு வீட்டுக்கு வரும். அன்றைக்கு 12 மார்க் கட்டிய புண்ணியவான்களின் பேரன் பேத்திகளை நினைத்தால் பொறாமையாக இருக்கிறது.

எனக்குப் பிடித்த செய்தி இன்னொன்று உண்டு. பம்பாய் ஓவியப் பள்ளியில் இருந்த ஜான் கிரிஃபித்ஸ் என்ற பிரிட்டிஷ்காரர் தன் மாணவர்களை அழைத்துக்கொண்டு போய் அஜந்தா சுவரோவியங்களைப் பல ஆண்டுகள் நகல் எடுத்தார், அந்த நகல்கள் பெரிய புத்தகமாக 1896-97-இல் வெளியாயின. டிரெஸ்டனில் அந்தப் புத்தகம் கிர்ஷ்னர் கையில் கிடைத்தது. உட்கார்ந்து அதைப் பார்த்துப் பார்த்து வரைந்திருக்கிறார், அஜந்தாப் பெண்களின் அந்தத் திரட்சி, இடுப்பு ஒடித்து நிற்கும் நிலை எல்லாம் 1911-இல் அவர் வரைந்த 'ஏரிக்கரையில் ஐந்து குளிப்பவர்கள்' ஓவியத்தில் அப்படியே இறங்கியிருக்கிறது. அந்த நகல்களை எடுத்த பம்பாய் மாணவர்களில் எத்தனை பேர் பெயர் யாருக்குத் தெரியும் என்று கேட்டால் பதில் இல்லை, அது தனிக் கதை.

சரி, குளிப்பவர்கள் படத்தைப் பள்ளியில் மாட்ட முடியாது. டிரெஸ்டன் காலத்துப் படங்களில் பெரும்பகுதி நிர்வாணம், அதுமட்டுமில்லை, ஃப்ரென்சி என்ற சிறுமியை மாடலாக வைத்துப் பல படங்கள் வரைந்திருக்கிறார்கள், அங்கே வரத் தொடங்கியபோது அவளுக்குப் பத்து வயதுகூட நிரம்பவில்லை. 'அந்தக் காலம் அப்படி' என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை, இன்று ஜெர்மனியிலும் இதைக் கேள்வி கேட்டுத்தான் பேசுகிறார்கள். பெரிய கலைஞன் என்பதால் எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டியதில்லை. அந்தக் காலத்தை மொத்தமாக விட்டுவிட்டு, முதல் உலகப் போர்க்காலத்திலும் அதற்குப் பின்னும் செய்த படங்களிலிருந்தே எடுத்தேன்.

1911-இல் பெர்லினுக்குப் போனார். அங்கே வரைந்த தெருக்காட்சிகள்தான் அவரை உலகத்துக்குக் காட்டின. ஊசி போல ஒடுங்கிய உருவங்கள், இறகு வைத்த தொப்பி, பச்சையடித்த முகம், நடைபாதையே சரிந்து நம் மேல் விழப்போகிறது என்று தோன்றும். 1913-இல் குழுவின் வரலாற்றை எழுதுகிறேன் என்று தன்னையே நடுவில் வைத்து எழுதினார், கூட்டாளிகளுக்குக் கோபம் வந்தது, குழு உடைந்தது. தன் படங்களுக்கு முன்தேதி போடுகிற பழக்கமும் அவருக்கு இருந்தது, யாரையும் பார்த்துச் செய்யவில்லை, எல்லாம் எனக்கே முதலில் தோன்றியது என்று காட்டிக்கொள்ள. 1915-இல் பீரங்கிப் படையில் சேர்ந்து ஹாலே நகரில் பயிற்சிக்குப் போனவர் சில மாதங்களில் உடம்பும் மனசும் உடைந்து வெளியே வந்தார். அந்த ஆண்டு வரைந்த 'சிப்பாயாகத் தன்னுருவம்' படத்தில் ராணுவ உடுப்போடு நிற்கிறார், வலது கை மணிக்கட்டோடு வெட்டுப்பட்டிருக்கிறது. நிஜத்தில் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் பாருங்கள், ஓவியனுக்கு எதைக் கண்டு பயம் என்று அதைவிட நேராகச் சொல்ல முடியாது. பிறகு மருத்துவ விடுதிகள், தூக்க மாத்திரை, மார்ஃபின். 1917-இல் சுவிட்சர்லாந்தில் தாவோஸ் மலைக்குப் போனார், கடைசி வரை அங்கேதான்.

இதில் நான் எடுத்தவை மூன்று. ஒன்று, 1919-இல் வரைந்த 'நிலவொளியில் குளிர்கால நிலக்காட்சி', அசல் அமெரிக்காவில் டெட்ராய்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டு, தன் படங்களை விற்றுத் தந்த ஃப்ராங்க்ஃபர்ட் வியாபாரி லுட்விக் ஷாமஸின் தலையை 1918-இல் மரத்தில் செதுக்கி அச்சிட்டது. மூன்று, தன் நிழலைப் பணத்துக்கு விற்றுவிட்டு அலைகிற ஷ்லெமிலின் கதைக்கு 1915-இல் செய்த வண்ண மரச்செதுக்குப் படங்களில் ஒரு தாள். சாமிஸோ என்ற ஜெர்மன் எழுத்தாளர் 1814-இல் வெளியிட்ட கதை அது, எடுக்க எடுக்கக் காசு குறையாத பைக்கு ஆசைப்பட்டு நிழலைக் கொடுத்துவிடுகிறான், அப்புறம் வெயிலில் தலைகாட்ட முடியவில்லை. ஆறாம் வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னால் மணி அடித்தாலும் எழுந்திருக்க மாட்டார்கள். கிர்ஷ்னர் ஓவியர் என்பதற்கு இணையாகப் புத்தகப் படக்காரரும்தான். கெயோர்க் ஹைம் என்ற இளங்கவிஞர் 1912-இல் உறைந்த ஆற்றில் பனிச்சறுக்கு போகும்போது மூழ்கி இறந்தார், அவருடைய 'உம்ப்ரா விட்டே' கவிதைத் தொகுப்பின் சொந்தப் பிரதியில் கிர்ஷ்னர் தானே படங்கள் செதுக்கி ஒட்ட ஆரம்பித்தார், அது 1924-இல் 47 மரச்செதுக்குப் படங்களோடு கூர்ட் வொல்ஃப் பதிப்பகப் புத்தகமாக வந்தது. அட்டை முதல் உள்தாள் வரை எல்லாம் அவர் கைவண்ணம். அதிலிருந்தும் ஒன்று எடுக்க ஆசைதான், பட்ஜெட் இடம் கொடுக்கவில்லை.

1938-இல் இறந்தவர் என்பதால் காப்புரிமைத் தொல்லை இல்லை. ஃப்ராங்க்ஃபர்ட்டின் ஷ்டேடல் போன்ற அருங்காட்சியகங்கள் காப்புரிமை முடிந்த படங்களைப் பெரிய அளவிலேயே இணையத்தில் இலவசமாகப் போட்டு வைத்திருக்கின்றன, கைபேசியில் வந்த மங்கல் படத்தை அச்சுக்குக் கொடுக்காதீர்கள்.

இனி அச்சு. கோவையில் ஓர் டிஜிட்டல் பிரிண்டிங் கடையில் கொடுத்தேன், பெயர் வேண்டாம். ஃபைலைத் திறந்து பார்த்த தம்பி, "மேம், கலர் ரொம்ப அடிக்குது, கரெக்ட் பண்ணித் தர்றேன்" என்றார். வேண்டாம், அப்படியே போடுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். வாங்கிக்கொண்டு வீட்டில் வந்து பிரித்தால் கரெக்ட் பண்ணியேதான் தந்திருக்கிறார். ரோஜா நிற மரங்கள் காவியாகிவிட்டன, மலையின் நீலம் சாம்பலாகிவிட்டது, நியாயமான மலை, நியாயமான மரம். போதாக்குறைக்கு அந்த ஓவியம் கிட்டத்தட்டச் சதுரம், அதை ஏ3 தாளுக்குப் பொருத்துகிறேன் என்று மேலேயும் கீழேயும் வெட்டிவிட்டார். நிலா இருக்கிற வானம் பாதிதான் மிச்சம். ஷாமஸ் படம் அதற்கு நேர் எதிர், உயரம் அகலத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல், அதில் தாடி போய்விட்டது. போனில் கேட்டால் "பார்க்க நீட்டா இருக்கும் மேம்" என்கிறார்கள். பணம் திரும்பி வரவில்லை.

அந்த நிலையில்தான், சரி, இருப்பதைப் பிரேம் போட்டு மாட்டிவிடலாம் என்று கொழிஞ்சாம்பாறைக் கடைக்குக் கொண்டுபோனேன். அண்ணன் கறுப்பு வெள்ளையில் ஷாமஸ் தலையைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "டீச்சர், தோற்றம் மறைவு தேதி கீழே போடணுங்களா?" இந்தக் கடைக்கு வரும் கறுப்பு வெள்ளை முகம் எல்லாம் போய்ச் சேர்ந்தவர்கள் முகம்தானே. 1852, 1922 என்று சொன்னேன், எழுத வேண்டாம் என்றும் சொன்னேன். அப்புறம் படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் ஓரமெல்லாம் விரலால் தடவிக்கொண்டே வந்தவர், "இது மரத்துல வெட்டினதுங்களா?" என்றார். ஆமாம் என்றதும் அடுத்த கேள்வி, "அப்பக் கட்டையோட ஓரத்தைக் காணோமே, யாருங்க வெட்டுனது?"

எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. கோவையில் கணினி வைத்துக்கொண்டிருந்தவர்கள் கண்ணில் படாதது, வாழ்நாள் முழுக்கச் சாமி படத்துக்குக் கண்ணாடி போட்டவர் கண்ணில் முதல் பார்வையிலேயே பட்டுவிட்டது. கைபேசியில் அசலைக் காட்டினேன். பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இதுக்குச் சட்டம் போட்டா காசு தண்டம் டீச்சர், முழுசா எடுத்துட்டு வாங்க, நான் எங்கயும் ஓடிப்போக மாட்டேன்" என்று சுருட்டிக் கையில் கொடுத்துவிட்டார். வருகிற வேலையை வேண்டாம் என்று திருப்பி அனுப்பும் கடைக்காரரை நான் இந்தப் பக்கம் பார்த்ததில்லை. மறுபடி அச்சுக்கு வேறு கடை பிடித்து, சதுரத்தைச் சதுரமாகவே, நாலு பக்கமும் வெள்ளை விட்டு, பளபளப்பில்லாத தடித்த தாளில் (300 ஜிஎஸ்எம் மேட்) எடுத்தேன். நிறம் இந்தத் தடவை ஓரளவு வந்தது. அந்த ரோஜா எந்த மெஷினிலும் முழுசாக வராது போலிருக்கிறது, விட்டுவிட்டேன்.

பிரேமுக்கு வருகிறேன். சாதாரணமாக இந்தக் கடையிலும் ரெடிமேட் சிந்தெடிக் பீடிங், அதாவது சட்டத்துக்கான பட்டைதான் ஓடுகிறது, பூ போட்டது, தங்கக்கரை வைத்தது, அடிக்கு 50 ரூபாயிலிருந்து. லேமினேஷன் போட்டுக் கட்டையில் ஒட்டித் தருவதும் உண்டு, மலிவு, மழைக்குத் தாங்கும், ஆனால் படம் பளபளவென்று செல்போன் கடை விளம்பரம் மாதிரி ஆகிவிடும். நான் கேட்டது வேறு. டி ப்ரூக்க ஓவியர்கள், முக்கியமாக கிர்ஷ்னர், தங்கள் படங்களுக்குச் சட்டத்தைத் தாங்களே வடிவமைத்தார்கள், பலவற்றைத் தாங்களே செய்து வண்ணமும் பூசினார்கள். பெர்லினில் இருக்கும் ப்ரூக்க அருங்காட்சியகம் 2019-இல் இந்தச் சட்டங்களை மட்டுமே மையமாக வைத்து ஒரு கண்காட்சி நடத்தியது. கிர்ஷ்னர் சட்டங்களில் பூவேலை கிடையாது, அகலமான பட்டை, படிப்படியாக இறங்கும் வரிகள், மேலே பல சமயம் வெண்கலப் பொடி கலந்த பூச்சு. பின்னாளில் பலர் கையில் மாறி மாறிப் போன ஓவியங்களில் அந்தச் சட்டங்களைக் கழற்றிவிட்டு வேறு நாகரிகச் சட்டம் மாட்டியதும் நடந்திருக்கிறது, அதாவது ஓவியர் செய்த ஒரு பகுதியையே தூக்கிப் போட்டாயிற்று.

இதை அண்ணனிடம் சொல்லி, கைபேசியில் ஒன்றிரண்டு படமும் காட்டினேன். தாவோஸ் வீட்டில் கிர்ஷ்னர் தன் துணைவி எர்னாவுக்காக 1919-இல் கட்டில் ஒன்றைத் தானே செதுக்கிய கதையையும் சொன்னேன். "அப்ப நம்மாளுங்க" என்று அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். உடனே உள்ளே போய், சித்தூர் பக்கம் இடித்த பழைய வீட்டு நிலைச் சட்டத்திலிருந்து அறுத்து வைத்திருந்த தேக்குத் துண்டுகளை இழுத்துப் போட்டார். கோயில் படங்களுக்குப் பூசும் தங்கப் பொடி ஏற்கெனவே கடையில் இருந்தது, அதை வார்னிஷில் குறைவாகக் கலந்து, காய்ந்த பிறகு துணியால் தேய்த்து மங்க வைத்தார். அவர் முதலில் பூசிக் காட்டிய துண்டு பூஜையறைக்குத்தான் சரி, மூன்றாவது துண்டில் சரியான நிறம் வந்தது.

வேலையின் சுத்தம் மூலையில்தான் தெரியும். ரெடிமேட் பிரேமை வாங்கிப் பாருங்கள், ஒரு மழைக்காலம் போனால் நாலு மூலையிலும் வாய் பிளந்துவிடும். இவர் 45 டிகிரிக்கு அறுத்த முனைகளை உப்புத்தாளில் தேய்த்து, ஒன்றோடொன்று வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கிறார், நடுவில் கோடாக வெளிச்சம் தெரிந்தால் மறுபடி தேய்ப்பு. பெவிக்கால் வைத்துக் கயிறு கட்டி ராத்திரி முழுக்க விட்டு, மறுநாள்தான் ஆணி. மயிரிழை இடைவெளி இருந்தால் அதே தேக்கின் தூளைப் பெவிக்காலில் குழைத்து அடைக்கிறார், கடையில் விற்கும் புட்டி வாங்குவதில்லை, நிறம் ஒட்டாது என்கிறார். ஷாமஸ் படத்தில் மவுண்ட், அதாவது படத்தைச் சுற்றி வரும் அட்டை, வைக்கும்போது உள் ஓரத்தைப் படத்துக்கு மேல் ஏற்றாமல், கட்டையின் அச்சு முடிகிற இடத்திலிருந்து அரை விரல் தள்ளி வெட்டினார், அதனால் கட்டையின் நாலு விளிம்பும் முழுசாகத் தெரிகிறது. சொல்லிக்கொடுக்காமலே செய்தார். அந்த அரை விரல் வெள்ளைதான் இந்த வேலை முழுக்கவும் எனக்குப் பிடித்த இடம்.

குறை இல்லாமல் இல்லை. முதலாவது, சொன்ன தேதிக்குக் கிடைக்காது. "வெள்ளிக்கிழமை வாங்க" என்றால் எந்த வெள்ளிக்கிழமை என்று கேட்டுக்கொள்ளுங்கள், கல்யாண சீசனில் நம் வேலை அடியில் போய்விடும். ஷ்லெமில் படத்தில் கண்ணாடிக்கும் மவுண்டுக்கும் நடுவே தூசி ஒட்டியிருந்தது, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் மாதங்களில் வாசல் திறந்து வைத்து வேலை செய்தால் வேறென்ன வரும், காட்டியதும் முகம் சுளிக்காமல் பிரித்துத் துடைத்துக் கொடுத்தார். பெரிய சதுரப் படத்துக்கு ஒரே ஒரு கொக்கி போட்டிருந்தார், கண்ணாடியும் தேக்கும் சேர்ந்த கனத்துக்கு அது பத்தாது, இரண்டு பக்கமும் வளையம் போட்டுக் கம்பி கட்டச் சொல்லி வாங்குங்கள். அமிலமில்லாத மவுண்ட் அட்டை இங்கே கிடையாது, சாதா அட்டைதான், சில வருஷத்தில் ஓரம் மஞ்சளாகும். அசல் ஓவியமோ பழைய குடும்பப் போட்டோவோ என்றால் அட்டையை நீங்களே வாங்கிக்கொண்டு போவது நல்லது. பின்பக்க ஹார்டுபோர்டைச் சுற்றிப் பேப்பர் டேப் ஒட்டுகிறார், புத்தகப் பூச்சிக்கு அது பெரிய தடை ஒன்றும் இல்லை, நான் வீட்டில் வேப்பெண்ணெய் தடவிய துணியால் ஓரம் துடைத்துவிட்டுத்தான் மாட்டினேன்.

விலை. தேக்குச் சட்டம் கைவேலை, அடிக்கு 120 ரூபாய், கண்ணாடி, மவுண்ட், பின்பலகை தனி. இரண்டடிக்கு இரண்டடி சதுரப் படம் எல்லாம் சேர்த்து 2,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. பேரம் பேசினேன், பேசாமல் இருப்பேனா. "இதோட ஒரிஜினல் என்ன விலை போகுங்க?" என்று நடுவில் ஒரு கேள்வி போட்டார். இது தெரியாது, ஆனால் இதே ஆள் 1913-இல் வரைந்த பெர்லின் தெருக்காட்சி ஒன்று 2006-இல் நியூயார்க்கில் 38 மில்லியன் டாலருக்கு ஏலம் போனது என்றேன். நாஜி காலத்தில் யூதக் குடும்பம் ஒன்று இழந்த ஓவியம் அது, பெர்லின் அருங்காட்சியகம் வாரிசிடம் திருப்பிக் கொடுத்த பிறகுதான் ஏலத்துக்கு வந்தது என்பதையும் சொல்லி முடிப்பதற்குள், "இவ்வளவு பெரிய ஆளுக்குச் சட்டம் போடறதுக்கு 50 ரூபாய் குறைக்கச் சொல்றீங்களே டீச்சர்" என்று என் வாயை அடைத்துவிட்டார். முழுப் பணமும் கொடுத்தேன்.

ரிவியூ என்று எழுதும்போது இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கிர்ஷ்னர் லூயி தெ மார்சால் என்று பிரெஞ்சுக்காரப் பெயரில் ஒரு விமர்சகரைத் தானே உருவாக்கி, அந்தப் பெயரில் தன் படங்களைப் பற்றித் தானே புகழ்ந்து கட்டுரைகள் எழுதினார், பல வருஷம். அவரைச் சந்திக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் என்ன செய்வது, 1933-இல் பெர்ன் கண்காட்சியின் கையேட்டில் மார்சால் இறந்துவிட்டார் என்று முடித்துக் கட்டினார். கடைக்காரர் தானே ஐந்து நட்சத்திரம் போட்டுக்கொள்வது நம் காலத்துக் கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் கவனிக்கவும். நான் நானேதான், பிரேம் கடை அண்ணனுக்குச் சொந்தமும் இல்லை.

படங்களை மாட்டியாயிற்று. பிள்ளைகள் கேட்ட கேள்விகளில் பெரும்பாலானவை எதிர்பார்த்தவை. நீல மலையைப் பற்றி யாரும் கேட்கவில்லை, கொல்லங்கோடு போகிற வழியில் நெல்லியாம்பதி மலை காலையில் நீலமாகத்தானே இருக்கிறது என்று ஒரு பையன் எனக்கே சொன்னான். "இவர் ஏன் டீச்சர் செத்தார்" என்று கேட்ட ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்குத்தான் யோசித்துப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. 1937-இல் நாஜி அரசு அவருடைய படங்களைச் 'சீரழிந்த கலை' என்று முத்திரை குத்தி ஜெர்மன் அருங்காட்சியகங்களிலிருந்து 639 படைப்புகளைப் பறித்துக்கொண்டது, கலைக்கழகத்திலிருந்தும் நீக்கியது. அடுத்த ஆண்டு மார்ச்சில் ஜெர்மனி ஆஸ்திரியாவைப் பிடித்தது, தாவோஸிலிருந்து எல்லை தூரமில்லை, இங்கேயும் வந்துவிடுவார்கள் என்ற பயம், பழைய நோயும் மருந்துப் பழக்கமும் வேறு. 1938 ஜூன் 15-ஆம் தேதி துப்பாக்கியால் சுட்டுக்கொண்டு இறந்தார். அந்தப் பெண்ணிடம், நாஜிகள் பறித்த படங்களைப் பற்றித்தான் அதிகம் பேசினேன், மனசு உடைந்தால் ஆளிடம் சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். "படம் பிடிக்கலைன்னா பார்க்காம போகலாமே, எதுக்குப் பிடுங்கணும்" என்றாள்.

பிரேம் வேலைக்கு ஐந்துக்கு நாலரை, நேரத்துக்கு ஐந்துக்கு இரண்டு. ஞாயிறு மத்தியானம் வரை திறந்திருக்கும், தினமும் ஒன்றிலிருந்து மூன்று வரை சாப்பாட்டுக்கு மூடிவிடுவார். ஜிபே உண்டு, பில் கேட்டால் மட்டும் எழுதித் தருவார், பள்ளிக்கணக்கு என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வாங்கிக்கொண்டு பஸ்ஸில் போகிறவர்கள் பழைய பெட்ஷீட் ஒன்று கையோடு எடுத்துப் போங்கள், அவர் செய்தித்தாளில்தான் சுற்றித் தருகிறார், வேலந்தாவளம் ரோட்டுக் குழிகளுக்கு அது பத்தாது.